சிராம்பியடிச் சிரட்டையும் நியூயோர்க் பியானோவும்

கற்பிட்டிப் பக்கக் கல்யாண வீடுகளில் பைலாவுக்கு டிரம்ஸ் அடித்துப் பழகிய கை என்னுடையது. எந்த இசைத்தொகுப்பைப் போட்டாலும் என் காது முதலில் தாளத்தைத்தான் தேடும். விஜய் ஐயர் மூவர் குழுவின் ‘ஹிஸ்டோரிசிட்டி’யில் அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

2009இல் ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் தொகுப்பு அது. பியானோவில் ஐயர், அமெரிக்காவில் பிறந்த தமிழர், கணிதமும் பௌதிகமும் படித்தவர். பாஸில் ஸ்டீபன் கிரம்ப். டிரம்ஸில் மார்கஸ் கில்மோர். ஜாஸ் டிரம்ஸின் பெருங்கிழவர் ரோய் ஹெய்ன்ஸின் பேரன். 1961இல் நியூயோர்க்கில் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்தபோதே பாஸ்காரர் ஸ்கொட் லஃபாரோ பியானோவுக்குப் பின்னால் நிற்க மறுத்துவிட்டார். அந்தச் சமத்துவத்தில் வந்தவர்கள் இவர்கள்.

பத்து உருப்படிகளில் ஆறு பிறருடையவை. ‘மிஸ்டிக் புரூ’வில் நீளடியும் குற்றடியும் 5க்கு 3, 8க்கு 5 என்று பிபனாச்சி எண்களின் கணக்கில் விரிகின்றன. எண்ணப் போனால் கை தடுமாறும். எண்ணாமல் கேட்டால் தலை தானாக ஆடும். ‘கலாங்’, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, போரால் லண்டன் போய்ச் சேர்ந்த எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் பாட்டு. இயந்திரம் அடித்த தாளத்தை இங்கே மூன்று மனிதர்கள் வியர்க்க வியர்க்க வாசிக்கிறார்கள். நம் தீவின் ஒரு துண்டு அமெரிக்கக் கறுப்பரின் இசைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆபிரிக்காவிலிருந்து வந்த தாளம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாலாவியிலிருந்து புத்தளம் நகரைத் தாண்டி அநுராதபுரம் வீதியில் போனால் சிராம்பியடி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் பிள்ளைகள், காப்பிரியர், அங்கே வாழ்கிறார்கள். ஜாஸ் பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்க வழி. இவர்களில் பலர் மொசாம்பிக் பக்கத்து வழி. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் சிராம்பியடிக் காப்பிரியரின் மஞ்சா என்ற பாட்டு மெதுவாகத் தொடங்கி, போர்த்துக்கேயக் கிரியோல் வரிகள் திரும்பத் திரும்ப வர, வேகம் ஏறும்போது, சிரட்டையும் போத்தலில் தட்டும் கரண்டியும் றபானும் ஒன்றையொன்று கேட்டுத்தான் நகர்கின்றன. மூவர் குழுவில் நான் தேடுவதும் அதுதான்.

1940களில் பாடகர் வொலி பெஸ்டியன் மேடையேற்றிய பைலா, இந்த மஞ்சா வழி வந்தது. அதில் சோறு தின்றவன் நான். ‘ஹிஸ்டோரிசிட்டி’க்கு கிராமி பரிந்துரை கிடைத்தது, நியாயம்தான். அதே ஸ்டூடியோக் கவனம் மஞ்சாவுக்கும் கிடைக்க வேண்டும்: சிரட்டைக்கு ஒரு மைக், போத்தலுக்கு ஒன்று, முன்பாட்டுப் பாடும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. வரிகள் முழுவதும் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.