சிற்றிலும் குடிலும்

மார்கழியும் தையும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் வீடு கட்டும் மாதங்கள். அவை கல்லாலும் சாந்தாலும் எழுந்த வீடுகள் அல்ல. மண்ணாலும் சாணத்தாலும், பின்னாளில் அட்டையாலும் கோதுமை மாப் பசையாலும் ஆனவை. எமது கல்லூரியின் நூறாண்டுக் கதையில் பரிசளிப்பு விழாக்களுக்கும் பரீட்சைப் பெறுபேறுகளுக்கும் அருகே இந்தச் சின்ன வீடுகளுக்கும் ஓரிடம் உண்டு என்பது எமது எண்ணம்.

வழக்கம் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் கட்டும் வீட்டுக்குச் 'சிற்றில்' என்று பெயர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்து, வருந்திக் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் எனச் சிறுமியர் கண்ணனிடம் முறையிடுவதாக அமைந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் ஒரு தனிப் பருவம். திருநெல்வேலிப் பக்கத்தில் இது இன்றும் 'சிறுவீட்டுப் பொங்கல்' என வாழ்கிறது. மார்கழி முழுவதும் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப்பூ வைக்கும் பெண்பிள்ளைகள், தையில் முற்றத்தில் களிமண்ணால் சிறு வீடு கட்டிப் பொங்கலிட்டு, சேர்த்து வைத்த பூவெருவை ஆற்றில் விடுவார்கள்.

கிறிஸ்தவ உலகின் குடிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ், தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை ஆகியவற்றைக் கொண்டு பாலன் பிறப்பைக் காட்டினார். சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பம் என்றுதான் வேதாகமம் கூறும். கூரை வேய்ந்த குடிலைப் பற்றி அங்கே பேச்சில்லை. இடமற்றவர்களுக்குக் கூரை போட்டது பின்வந்த கைவினைஞரின் பரிவு. ஜேர்மனியில் நத்தாருக்கு இஞ்சியும் கறுவாவும் கராம்பும் சேர்த்துச் சுட்ட ரொட்டித் துண்டுகளால் வீடு அமைப்பர். அந்த வாசனைச் சரக்குகள் மாத்தளைத் தோட்டங்களில் விளைபவை என்பதில் நமக்கொரு பெருமை.

எமது கைப்பணி வகுப்பில் மூன்றாம் தவணை முடிவில் இவை யாவும் கலந்தன. மண்ணிறத் தாளைக் கசக்கிப் பசை பூசி மலைக்குகை செய்தோம். மானாப்புல்லால் கூரை வேய்ந்தோம். ஈர்க்கு வேலியானது, சிரட்டை கிணறானது. பால்மா டின்னில் குரக்கன் விதைத்து, நத்தாருக்குள் பச்சை வயல் வளர்த்தோம். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் என்ற பேதமின்றி எல்லோர் விரல்களிலும் பசை ஒட்டியிருந்தது. வெசாக் காலத்தில் இதே கைகள் மூங்கில் கீற்றில் கூடு கட்டின.

'விரும்பிய வீடு ஒன்றைச் செய்யுங்கள்' என்று ஆசிரியை சொன்னால், தோட்டத்திலிருந்து வந்த தோழியர் இரண்டு யன்னலும் ஒரு படலையும் முன்னால் பூச்செடியும் உள்ள தனி வீட்டையே செய்தனர். நீண்ட லயத்தைச் செய்தவர் எவருமில்லை. அதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, காலராவிலும் பசியிலும் பலரை இழந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள் அடைந்த மலையக வாயில் மாத்தளை. அவர்களுக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. சிற்றில் சிதைந்தது இங்கே விளையாட்டாக அல்ல. எமக்கு முன் கற்ற அக்காமார் பலர் அவ்வாறு கப்பலேறினர். இம்மலர் அவர்கள் கைகளையும் சென்றடைய வேண்டும்.

எம்மில் மருத்துவரானோர்க்கு வீடு என்பது நோயின் வரலாற்றில் ஒரு பகுதி. இருமலுடன் வரும் குழந்தையின் தாயிடம், அடுப்பு எங்கே இருக்கிறது, புகை வெளியேற யன்னல் உண்டா, ஒரே அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று கேட்ட பின்பே மருந்து எழுதுகிறோம். பிள்ளைகள் அட்டையில் வெட்டிய அந்த இரண்டு யன்னல்கள் வெறும் அலங்காரமல்ல.

மாற்றம் தொடங்கியிருக்கிறது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் கட்டும் பணி நடந்தது. மேலும் 10,000 வீடுகள் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, முன்னோரின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்து வந்தனர். ஆயினும் இன்னும் பலர் லயத்திலேயே வாழ்கின்றனர். அவர்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வருகின்றன.

உலகெங்கும் வாழும் சகோதரிகளே, இவ்வாண்டு உங்கள் பிள்ளைகளுடன் குடில் கட்டும்போது இந்த வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள். கல்லூரியின் அடுத்த நூறாண்டில் இங்கே அட்டை வீடு செய்யும் ஒவ்வொரு பிள்ளையும், அதன் வாசலில் தன் சொந்த வீட்டு இலக்கத்தை எழுதக்கூடியவளாக இருக்க வேண்டும். அதற்கு நம்மாலானதைச் செய்வோம்.