பலகாரத் தட்டும் பந்தி வரம்பும்

கிறிஸ்து பிறப்பு விழாவை நம் முன்னோர் ஆலயத்தில் மட்டும் கொண்டாடவில்லை. அடுப்படியிலும் திண்ணையிலும் தெருவிலும் கொண்டாடினர். ஆலயத்தில் நிகழ்ந்தவற்றை ஆராதனை நூல்களும் சபைப் பதிவேடுகளும் நமக்குக் காத்துத் தந்துள்ளன. இல்லத்தில் நிகழ்ந்தவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அதிரசப் பாகின் பதமும், விடியற்காலைப் பஜனைக் குழுவினருக்கு வைத்த காப்பியும், அண்டை வீட்டுக்குத் துணி மூடிச் சென்ற பலகாரத் தட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைவழியே வந்தவை. அக்கைவழி அறுந்துபோன குடும்பங்கள் இன்று அவற்றைக் கைப்பேசித் திரையில் காணொளிகளாகக் கண்டு மீண்டும் கற்றுக்கொள்கின்றன. இதனைச் சிறு வேடிக்கையென்று ஒதுக்கிவிடாமல், திருச்சபை வரலாற்றின் ஒளியில் வைத்து நோக்குவது பயனுடையதென்று கருதுகிறோம்.

இம்மாற்றம் தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப் பகுதியாகும். 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட ஓசூர்ப் பகுதி, முதலில் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கியது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் அது. 1970-களிலும் 1980-களிலும் சிப்காட் தொழிற்பேட்டையும், மோட்டார் வாகனம், கைக்கடிகாரம் முதலியன செய்யும் ஆலைகளும் அங்கே எழுந்தன. தென்பெண்ணை நீரால் நிரம்பும் ஏரியை நம்பிப் பயிரிட்டு வந்த பாரூர் வட்டாரத்திற்கு அண்மையிலும், போச்சம்பள்ளியில், இன்று பெருந்தொழிற்சாலைகள் இயங்குகின்றன. இவற்றில் வேலை தேடித் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, மதுரை ஆகிய பகுதிகளிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. அவர்களுடைய பிள்ளைகள் தாத்தா பாட்டியின் ஊரை விடுமுறை ஊராக மட்டுமே அறிவர். விழாவுக்கு முந்திய இரவிலும் முறைவேலைக்குச் செல்லவேண்டிய தகப்பனையும், வாடகை வீட்டின் குறுகிய சமையலறையையும் கொண்ட குடும்பத்தில் பழைய வழக்கங்கள் மெல்ல மெல்ல நழுவிப்போனதில் வியப்பில்லை.

2020-இல் பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, ஆராதனையே திரையின் வழியாக இல்லத்திற்குள் வந்தது. அதே திரையின் வழியாக இல்லத்து மரபுகளும் திரும்பி வரலாயின. வறுத்த பாசிப்பயற்று மாவையும் வெல்லப்பாகையும் தேங்காயையும் சேர்த்து உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்தை, முன்பின் அறியாத ஒரு மூதாட்டி திரையில் செய்து காட்டுகிறார். தண்ணீரில் விட்ட பாகு கரையாமல் விரலில் திரண்டு வருவதே அதிரசத்தின் பதம் என்பதைச் சொல்லால் விளக்குவது அரிது. கண்ணால் கண்டவர் உடனே அறிந்துகொள்வர். இவ்வகையில் காணொளி செய்யும் தொண்டு பெரிது. அதை நாம் நன்றியோடு ஏற்கிறோம்.

ஆயினும் இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. நாம் பழமை என்று போற்றுவது எவ்வளவு பழையது? அப்பழமையோடு நாம் மீட்டுக்கொள்ளத் தகாதது ஏதேனும் உண்டா?

முதல் வினாவுக்கு வரலாறு தரும் விடை நம்மைச் சற்றே தாழ்மைப்படுத்துகிறது. வருகைக் காலத்தில் நம் ஆலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம், 1839-இல் ஆம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் விக்கெர்ன் என்பவர், விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்ட பிள்ளைகளுக்காக அமைத்ததிலிருந்து வந்தது. பல முனைகளையுடைய காகித நட்சத்திரம், 1830-களில் மொராவிய சபையாரின் பள்ளியொன்றில் கணிதப் பயிற்சியாகச் செய்யப்பட்டது. ஜெர்மானிய இல்லங்களின் கிறிஸ்துமஸ் மரம் இங்கிலாந்தின் பொதுமக்களிடையே பரவியதற்கு, 1848-இல் இலண்டன் வார இதழ் ஒன்று வெளியிட்ட அரச குடும்பத்தின் படம் பெரிதும் துணைசெய்தது. அன்று அச்சிட்ட படத்தைக் கண்டு அயல்வீட்டு வழக்கத்தைத் தம் வழக்கமாக்கிக்கொண்டனர். இன்று அசையும் படத்தைக் கண்டு தம் பாட்டனாரின் வழக்கத்தையே கற்கின்றனர். படம் பார்த்து மரபு கற்பது திருச்சபைக்குப் புதிதன்று. ஆகவே காணொளியில் கற்ற விழா போலியானது என்று எவரும் இகழ வேண்டியதில்லை.

இரண்டாம் வினாவே கடினமானது. அதற்கு விடை காண நாம் தஞ்சாவூருக்குச் செல்லவேண்டும். சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களால் கிறிஸ்துவின் பிறப்பைத் தமிழ் மண்ணின் இசையில் பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாத கிறிஸ்துமஸை நாம் நினைத்துப் பார்க்கவும் இயலாது. 1820-களின் இறுதியில், இளைய மிஷனெரிமார் சிலர் கொண்டுவந்த மாற்றங்களை அவர் வன்மையாகக் கண்டித்து எழுதினார். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றியது, விழாக்களில் மலர்களை விலக்கியது, ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தது ஆகியவை அவர் சாட்டிய குறைகளுட் சில. இம்மூன்றிலும் நம் நெஞ்சம் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் அதே முறையீட்டில் நான்காவதாக ஒரு குறையும் இருந்தது: சபையாரைச் சாதி வேறுபாடின்றி ஒன்றாகக் கலந்து அமரவும், திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபெறவும் வற்புறுத்தியதையும் அவர் கொடுமையென்றே எண்ணினார். மலரும் பாட்டும் சாதி வரம்பும் அவர் உள்ளத்தில் ஒரே முன்னோர் மரபாகப் பின்னிக் கிடந்தன. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகள் விட்டொழிக்க வேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். சாஸ்திரியாரின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. அவ்வளவு பெரிய உள்ளத்திலும் இப்பின்னல் இருந்ததென்றால், நம் இல்லங்களில் அது இராதென்று நாம் எவ்வாறு துணிந்து கூறுவது?

இப்பின்னலை அவிழ்க்கும் வழியையும் வரலாறு காட்டுகிறது. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர் யாவரும் சாதி பாராமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை ஏற்படுத்தியது. உண்ண மறுத்துப் பணியை இழந்தோர் பலர். அவ்விருந்துக்குப் பின் ஆறே ஆண்டுகளில், 1853-இல், அதே மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இடம்பெற்ற பாட்டுப் புத்தகத்தை அச்சிற் கொணர்ந்தார். பந்தியில் பழைய வரம்பை ஏற்காத மிஷனே, பழைய பாட்டைப் பேணி அடுத்த தலைமுறைக்கு அளித்தது. பாட்டைக் காப்பதற்கு வரம்பையும் சேர்த்துக் காக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி நம் பலகாரத் தட்டுக்கு வருவோம். காணொளி நமக்குக் காட்டுவது தட்டு நிறையும் வரைதான். அது எந்த வாசலுக்குச் சென்றது, எந்த வாசலைக் கடந்து நில்லாமல் போனது என்பதைக் காட்டுவதில்லை. பாட்டியின் தட்டு வேற்றுச் சமயத்து அண்டை வீட்டாருக்குச் சென்றதை மூத்தோர் மகிழ்ந்து சொல்வர். அது மெய்யே, அது நம் மக்களின் நற்பண்பு. ஆனால் அதே ஊரில், அதே சபையில் ஞானஸ்நானம் பெற்று, அதே பாட்டைப் பாடிய சேரி வீட்டுக்கு அத்தட்டு சென்றதா? சென்றால், அங்கிருந்து மறுதட்டு வந்ததா? வந்ததை வீட்டார் உண்டனரா? தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களை வைத்திருந்த சபைகளின் வரலாற்றை அறிந்தவர்கள் இவ்வினாக்களை எளிதாகத் தாண்டிச் செல்லமுடியாது.

அந்தியோகியாவில் பேதுரு செய்த பிழையும் பந்தியைப் பற்றியதே. புறஇனத்தாரோடு உண்டுவந்தவர், சிலர் வந்தபோது அஞ்சி விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். கலாத்தியர் நிருபத்தில் அந்நிகழ்ச்சி நற்செய்தியின் உண்மையைப் பற்றிய வழக்காகவே எழுதப்பட்டுள்ளது. நெகேமியாவின் நாளிலும், விழாவின் மகிழ்ச்சி முழுமை பெற்றது ஒன்றும் ஆயத்தம் செய்யப்படாதவர்களுக்குப் பங்கு சென்றபோதுதான். பலகாரம் சிறு பொருள். அது செல்லும் திசை சிறு பொருளன்று.

ஓசூர் போன்ற ஊர்களில் ஊழியம் செய்வோருக்கு இங்கே அரிய வாய்ப்பொன்று உண்டு. பழைய ஊரின் தெருக்கள் அங்கே இல்லை. ஒரே படிக்கட்டைச் சார்ந்த வீடுகளில் கன்னடக் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் உருது பேசும் குடும்பமும் வாழ்கின்றன. தொழிலாளர் விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர் தங்கியுள்ளனர். 1845-இல் இராஞ்சியில் காஸ்னர் மிஷனெரிமார் தொடங்கிய பணியின் வழிவந்த லுத்தரன் சபைகள் ஜார்க்கண்டில் இன்றும் உண்டு என்பதை நினைக்கும்போது, அவ்விளைஞருள் சிலர் தம் தாய் வீட்டுக் கிறிஸ்துமஸை எண்ணி ஏங்கும் நம் சகோதரராகவே இருக்கக்கூடும் என்பது விளங்கும். அங்கே தட்டு எவ்வாசலுக்குச் செல்லவேண்டும் என்பதைப் பாட்டனார் வகுத்து வைக்கவில்லை, நாமே வகுக்கவேண்டும். ஊரை விட்டு வந்தும் பழைய வரம்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோரும் உண்டாதலால், இதற்குப் போதனையும் முன்மாதிரியும் தேவை.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இவ்வருகைக் காலத்தில் சபையின் மூத்தோரிடம் சென்று, பாகின் பதத்தோடு தட்டின் பயணத்தையும் கேட்டு எழுதுவார்களாக. சென்ற வாசல்களை எழுதும்போது, செல்லாத வாசல்களையும் மறையாது எழுதுவார்களாக. திரையில் கற்ற அதிரசம் பாட்டி சுட்டதைப்போல் அமையாவிட்டாலும் குற்றமில்லை. பாட்டியின் தட்டு நின்றுவிட்ட வாசலுக்கு அப்பாலும் நம் தட்டு செல்லுமானால், அங்கிருந்து வரும் தட்டை நாம் அமர்ந்து உண்போமானால், முன்னோர் தந்த விழாவை அவர்களினும் நன்றாய்க் கொண்டாடியவர்களாவோம்.