பெட்டிக்குள் அடைபட்ட கார்கள்: பிளாஸ்ரிக் மாதிரி வாகனங்களின் ஆரம்ப வரலாறு

ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடும் பழைய பொருட் சந்தைகளுக்குச் சென்றுவரும் வாசகர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கக்கூடும். பீங்கான் கோப்பைகளுக்கும் பழைய இசைத்தட்டுக்களுக்கும் நடுவே, மூலைகள் நைந்த அட்டைப்பெட்டிகள் சில அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பெட்டியின் மேற்புறத்தில் பளபளக்கும் ஒரு காரின் படம். உள்ளே, மெல்லிய சட்டங்களோடு இணைந்தபடி வார்க்கப்பட்ட பிளாஸ்ரிக் துண்டுகள். வாங்குபவர் அவற்றைப் பிரித்தெடுத்து, பசை கொண்டு ஒட்டி, வர்ணம் பூசித் தாமே ஒரு சிறு காரை உருவாக்கிக்கொள்ள வேண்டும். கடைகளில் 'கிற்' என வழங்கும் இதனைப் பொருத்துத் தொகுதி என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம்.

இப்பெட்டிகளின் விலையை விசாரிப்பவர்க்கு வியப்புக் காத்திருக்கும். 1958 ஆம் ஆண்டுப் பெட்டியொன்றை எவரும் திறவாதிருந்தால் அதற்குச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுப்பர். அதே பெட்டியைத் திறந்து, காரைச் செய்து முடித்திருந்தால் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைந்த விலையே கிடைக்கும். வேலை முடிந்த பொருளிலும் வேலை தொடங்காத பொருளுக்கு மதிப்புக் கூடியது எங்ஙனம்? இதற்கான விடை இத்தொகுதிகள் பிறந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

கையாற் செதுக்கிய காலம்

பிளாஸ்ரிக் வருமுன் மாதிரிக் கார் செய்ய விரும்பிய சிறுவன் மரக்கட்டையையும் கத்தியையுமே நம்பியிருந்தான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் பிஷர் பொடி பிரிவு 1930 இல் சிறுவர்க்கான கைவினைப் போட்டியொன்றைத் தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் நுணுக்கமான மாதிரியைச் செய்யுமாறு கேட்கப்பட்டது. 1937 முதல் எதிர்காலக் கார்களைக் கற்பனை செய்து வடிவமைக்கும் போட்டியும் சேர்ந்தது. வென்றவர்களுக்குப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்கள் கிடைத்தன. 1968 வரை நடைபெற்ற இப்போட்டியிற் பங்குபற்றியோர் சிலர் பிற்காலத்தில் மோட்டார் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களாயினர். ஆயினும், மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கும் பொறுமையும் கைத்திறனும் எல்லாச் சிறுவர்க்கும் வாய்ப்பதில்லை.

பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சினுள் அழுத்தி வார்க்கும் பொறிக்கு அமெரிக்கச் சகோதரர்களான ஹயட் இருவரும் 1872 இலேயே காப்புரிமை பெற்றிருந்தனர். அம்முறையைப் பொருத்துத் தொகுதிக்குப் பயன்படுத்தியதில் விமானங்களே கார்களை முந்திக்கொண்டன. 1936 இல் இங்கிலாந்தில் 'புறொக் பெங்குயின்' என்ற பெயரில் செலுலோஸ் அசிற்றேற்றினாலான சிறு விமானத் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் வளர்ச்சியைப் போர் இடைமறித்தது.

போரும் இறப்பரும்

போர் ஒருபுறம் தடுத்ததை மறுபுறம் வளர்த்தும் விட்டது. பிற்காலத் தொகுதிகள் அனைத்துக்கும் அடிப்படையான பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக் 1930 அளவில் ஜேர்மனியிலும், 1937 இல் அமெரிக்காவிலும் வணிக உற்பத்திக்கு வந்தது. அது உலகெங்கும் மலிந்ததற்குக் காரணம் ஆசியாவில் நிகழ்ந்த ஒரு திருப்பமாகும்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே மலாயா முழுவதும் அவர்கள் வசமாகியிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் விடியற்காலையில் பால்வெட்டிய அந்த இறப்பர்த் தோட்டங்களோடு டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களும் கைமாறவே, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை இறப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. ரயர் இன்றிப் படை வாகனம் ஓடாது. எனவே அமெரிக்க அரசு பெரும் பொருட்செலவிற் செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகளை அமைத்தது. அந்த இறப்பரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஸ்ரைரீன் என்னும் திரவமாகும்.

போர் 1945 இல் முடிந்தது. ஸ்ரைரீன் தொழிற்சாலைகள் எஞ்சி நின்றன. அவற்றின் உற்பத்திக்குப் புதிய சந்தை தேவைப்பட்டது. அதே ஸ்ரைரீனிலிருந்து செய்யப்படும் பொலிஸ்ரைரீன் இவ்வாறுதான் சீப்பாகவும் கோப்பையாகவும் விளையாட்டுப் பொருளாகவும் வீடுகளுக்குள் நுழைந்தது. மலாயாத் தோட்டங்கள் கைமாறிய கதைக்கும் அமெரிக்கச் சிறுவனின் மேசையிலிருந்த சிறு காருக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

ஓர் அகதியின் தொழிற்சாலை

பிரித்தானியாவில் இக்கலையைப் பரப்பிய 'எயார்பிக்ஸ்' நிறுவனத்தை நிறுவியவர் நிக்கலஸ் கோவ் என்னும் ஹங்கேரிய யூதர். முதலாம் உலகப் போரின் பின் தாய்நாட்டிற் கொந்தளித்த அரசியல் அவரை வெளியேற்றியது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வாழ்ந்து, அங்கும் நிலைக்க இயலாது, 1938 இல் இலண்டன் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருட்களைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகப் பெயர்ப் பட்டியல்களில் முன்வரிசையில் இடம்பெற வேண்டுமென்பதற்காக ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்திலேயே பெயரை அமைத்தார் என்பர். புதிய ஊரில் அறிமுகமின்றித் தொழில் தொடங்கும் ஒருவரின் சாதுரியம் அது.

போரின் போது இறப்பர் கிடைக்காது போகவே கோவ் பிளாஸ்ரிக்கிற்குத் திரும்பினார். 1947 இல் உட்செலுத்தி வார்க்கும் பொறியொன்றைக் கொண்டு சட்டைப்பைச் சீப்புக்களைப் பெருமளவில் உற்பத்தி செய்தார். 1949 இல் உழவு இயந்திர உற்பத்தியாளரான ஹரி பெர்குசனின் நிறுவனம் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. தமது விற்பனைப் பிரதிநிதிகள் விவசாயிகளிடம் எடுத்துச் சென்று காட்டுவதற்கு உழவு இயந்திரத்தின் சிறு பிளாஸ்ரிக் மாதிரி வேண்டும் என்பதே கோரிக்கை.

மாதிரி செய்யப்பட்டது. ஆனால் சிறுசிறு துண்டுகளைத் தொழிலாளரைக் கொண்டு பொருத்துவதற்குச் செலவு மிகுந்தது. பின்னர் அம்மாதிரி பொதுமக்களுக்கும் விற்கப்பட்டபோது, துண்டுகளைப் பொருத்தாமல் அப்படியே பெட்டியிலிட்டு வூல்வேர்த் கடைகளில் வைத்தனர். பொருத்தும் கூலி மிச்சமாயிற்று. வாங்கியவரோ அவ்வேலையை மகிழ்ச்சியோடு தாமே செய்தார்! இத்தொழிலின் அடிப்படை உண்மை இதுதான். தொழிற்சாலை செய்ய விரும்பாத வேலையே சிறுவனுக்கு விளையாட்டாயிற்று.

1952 இல் வூல்வேர்த்தின் யோசனைப்படி 'கோல்டன் ஹைன்ட்' கப்பலின் சிறு தொகுதி, அட்டைப்பெட்டியுங்கூட இன்றிப் பிளாஸ்ரிக் பையில் இரண்டு ஷில்லிங்கிற்கு வந்தது. தொடர்ந்து விமானங்களும், பழைய பெந்லி, றோல்ஸ் றோய்ஸ் போன்ற கார்களும் வந்தன. கோவ் 1958 இற் காலமானார்.

அமெரிக்கக் கார் முகவரின் கைப்பொருள்

அமெரிக்காவிலும் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் லூயிஸ் கிளேசர் நடத்திய 'றெவல்' நிறுவனம், வானொலி நகைச்சுவையாளர் ஜாக் பெனியின் நிகழ்ச்சியிற் புகழ்பெற்ற பழைய மக்ஸ்வெல் காரை முதலில் இழுத்து விளையாடும் பொருளாக வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர்கள் ஆங்கிலேயரான ஜாக் கௌலண்டும் அவரது மகனும் ஆவர். 1951-52 அளவில் அவர்களது பழைய கார் மாதிரிகள் 'ஹைவே பயனியேர்ஸ்' என்ற வரிசையிற் பொருத்துத் தொகுதிகளாக வந்து பெருவெற்றி பெற்றன. ஒரு டொலருக்கும் குறைந்த விலையாதலால் சிறுவர்கள் தம் கைக்காசிலேயே வாங்கினர்.

ஆனால் புதிய கார்களின் மாதிரிகள் வேறொரு வழியால் வந்தன. டெற்றோயிற் நகரைச் சூழவும் ஆண்டுதோறும் புதிய வடிவக் கார்கள் வெளியாகும். அவ்வடிவங்களைக் காட்டும் சிறு மாதிரிகளை உற்பத்தியாளர்கள் விற்பனை முகவர்களுக்கு அனுப்புவர். தந்தை காரை ஓட்டிப் பார்க்கையில் மகனின் கையில் முகவர் ஒரு சிறு காரைக் கொடுப்பார். உண்மைக் காரின் அதே நிறங்களே அதற்கும் பூசப்பட்டிருக்கும்.

இத்தேவையை நிறைவேற்ற மூன்று நிறுவனங்கள் முன்வந்தன. மில்வோக்கியில் 'புறொடக்ற் மினியேச்சர்', டெற்றோயிற்றில் ஜோன் ஹேன்லேயின் 'ஜோ-ஹான்', மிச்சிகனில் வெஸ்ற் கலொக்லி என்னும் வழக்கறிஞர் 1948 இல் தொடங்கிய 'ஏ.எம்.ரி' என்பனவே அவை. அலுமினிய மாதிரி விளையாட்டுப் பொருட்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஏ.எம்.ரி. முதற் போர்ட் கார் மாதிரி அலுமினியத்தாலேயே வார்க்கப்பட்டது. மிக விரைவில் நிறுவனம் பிளாஸ்ரிக்கிற்கு மாறியது. பெயரில் மட்டும் அலுமினியம் எழுத்தாக எஞ்சியது.

1950 களின் விளம்பர மாதிரிகள் பல செலுலோஸ் அசிற்றேற்றினால் ஆனவை. அப்பொருள் காலப்போக்கிற் சுருங்கி முறுகும் இயல்புடையது. கூரை வளைந்து, பக்கங்கள் கோணிய கார்களை இன்றும் காணலாம். முறுகாது தப்பியவற்றுக்குச் சேகரிப்போர் தனிமதிப்பு அளிப்பது இதனாலேயே.

1958: ஒரு பெட்டி, மூன்று கார்கள்

1958 இல் ஏ.எம்.ரி ஒரு புதுமையைச் செய்தது. முகவர்களுக்கு வார்க்கும் அதே காரைப் பொருத்தாமற் பெட்டியிலிட்டு, கூடவே மேலதிகத் துண்டுகளையும் சேர்த்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலோ, தன் விருப்பப்படி மாற்றிய வடிவிலோ, பந்தயக் காராகவோ அதனைக் கட்டலாம். 'ஒன்றில் மூன்று' எனப் புகழ்பெற்ற இம்முறை அக்காலத்து அமெரிக்க இளைஞரின் மனநிலைக்கு ஏற்றதாயிருந்தது. தென் கலிபோர்னியாவில் பழைய போர்ட் கார்களை மலிவாக வாங்கி, வெட்டி, ஒட்டி, விரைவு கூட்டி ஓட்டும் 'ஹொட் றொட்' மோகம் பரவியிருந்தது. வாகனம் ஓட்டும் வயது வராத சிறுவன் தன் மோகத்தைச் சமையலறை மேசையிலே தீர்த்துக்கொண்டான்.

ஆரம்பத் தொகுதிகள் எளியவை. முன்மூடி திறவாது, இயந்திரமும் இராது, சக்கரங்களை ஓர் உலோகக் கம்பி இணைக்கும். மறு ஆண்டே, 1959 இல், 1932 ஆம் ஆண்டுப் போர்ட் றோட்ஸ்ரர் இயந்திரத்துடன் முழுமையாக வந்தது. மொனோகிராம், றெவல் முதலியனவும் போட்டியிற் குதித்தன. ஏ.எம்.ரியிற் பணியாற்றிய ஜோர்ஜ் ரொட்டெவ் 1963 இல் 'எம்.பி.சி' என்ற தனி நிறுவனத்தை நிறுவினார். மாதிரிக் கார்களுக்கெனத் தனிச் சஞ்சிகைகளும் தோன்றின. ஏ.எம்.ரி, ஜோ-ஹான் போன்றோர் பின்பற்றிய இருபத்தைந்தில் ஒன்று என்ற அளவே அமெரிக்க மாதிரிக் கார்களின் பொது அளவாக நிலைத்தது.

அழிந்த அச்சுக்கள்

இப்பெட்டிகள் அரியனவானதற்கு முக்கிய காரணம் அச்சுக்களே. உருக்கிற் செதுக்கப்படும் அச்சு மிகுந்த விலையுடையது. உண்மைக் காரின் வடிவம் ஆண்டுதோறும் மாறியது. ஒவ்வோர் ஆண்டும் புதிய அச்சுச் செய்வதற்குப் பதிலாக, பழைய அச்சையே வெட்டித் திருத்தி அடுத்த ஆண்டின் காராக்குவது வழக்கமாயிற்று. 1961 ஆம் ஆண்டுக் கார் அவ்வாறு பிறக்கும்போது 1960 ஆம் ஆண்டுக் காரின் அச்சு இல்லாதொழியும். பிற்காலத்திற் சில அச்சுக்கள் பந்தயக் கார்களாகவும் உருமாற்றப்பட்டன. ஆகவே முதல் முறை விற்கப்பட்டவற்றுள் எஞ்சியவை மட்டுமே மிச்சம். அவற்றையும் சிறுவர்கள் கட்டினர், விளையாடினர், உடைத்தனர். திறவாத பெட்டி அரிதாகாமல் வேறென்செய்யும்?

உண்மைக் காரே அழிந்து, மாதிரி வாழ்ந்த விந்தையும் உண்டு. கிறைஸ்லர் நிறுவனம் 1963-64 இல் சுழலி இயந்திரத்தால் ஓடும் கார்களைப் பரீட்சார்த்தமாகச் செய்தது. முன்மாதிரிகளையும் சேர்த்து 55 கார்கள். 203 பேர் முறைவைத்து அவற்றை ஓட்டிப் பார்த்தனர். 1966 இற் பரீட்சை முடிந்ததும் 46 கார்கள் அழிக்கப்பட்டன, 9 மட்டுமே எஞ்சின. இக்காரை ஜோ-ஹான் அழகிய பொருத்துத் தொகுதியாக வெளியிட்டிருந்தது. உண்மைக் காரை நேரிற் காணாத பல்லாயிரவர் அதன் வடிவத்தைத் தம் விரல்களால் அறிந்தனர்.

1970 களில் இத்தொழில் தளர்ந்தது. 1973 இன் எண்ணெய் நெருக்கடியாற் பிளாஸ்ரிக்கின் விலை ஏறியது. பொருத்தும் பொழுதைத் தொலைக்காட்சியும் பின்னர் கணினி விளையாட்டுக்களும் கவர்ந்தன. ஏ.எம்.ரியை 1978 இல் வாங்கிய இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் 1982 இல் வங்குரோத்தாயிற்று. மாறாக, யப்பானின் சிசுவோக்கா நகரில் 1946 இல் மர ஆலையாகத் தொடங்கிய 'தமியா', 1960 இல் முதற் பிளாஸ்ரிக் தொகுதியையும் 1967 இல் ஹொண்டா பந்தயக் காரின் நுணுக்கமான தொகுதியையும் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. சிறுவர்க்காகத் தொடங்கிய கலை மெல்ல மெல்ல வளர்ந்தோரின் கலையாயிற்று.

சேகரிப்போரை நாம் குறைகூற இயலாது. அவர்கள் காவாதிருந்தால் இவ்வரலாற்றின் பாதி தொலைந்திருக்கும். ஆயினும் கோவும் கலொக்லியும் அப்பெட்டிகளை நிரப்பியது திறப்பதற்காகவே. அடுத்த முறை பழைய பொருட் சந்தையிலே, பசை வழிந்து, ஒரு சிறுவனின் கைரேகை பதிந்து, சக்கரம் சற்றுக் கோணி நிற்கும் மாதிரிக் கார் ஒன்றைக் கண்டால், விலையற்றதென்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அவ்வேலை அங்கே முடிந்திருக்கிறது.