அரிசி மானியமும் அரசின் வரவுசெலவும்: இலங்கையின் 1953 ஆம் ஆண்டு நெருக்கடி

முன்னுரை

வரவுசெலவுத் திட்டத்தில் செலவினமாகப் பதியப்படும் மானியம், மக்களின் பார்வையில் உரிமையாக நிலைபெற்றுவிடுவதுண்டு. இவ்விரு பார்வைகளும் மோதிய நிகழ்வாக 1953 ஆம் ஆண்டு ஹர்த்தாலை இக்கட்டுரை ஆராய்கிறது.

மானியத்தின் பின்னணி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீட்டு முறை விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்தது. அரிசித் தேவையின் கணிசமான பகுதிக்கு இலங்கை இறக்குமதியை நம்பியிருந்தது. இறக்குமதி விலைக்கும் பங்கீட்டு விலைக்கும் இடையிலான வேறுபாட்டை அரசே ஏற்றது. கொரியப் போரினால் ரப்பர் விலை உயர்ந்திருந்தவரை இச்சுமை உறுத்தவில்லை. பின்னர் ரப்பர் விலை சரிந்தது; அரிசி விலையோ ஏறியது. 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட ரப்பர்–அரிசி ஒப்பந்தம் வணிகத்துக்குத் துணைசெய்ததேயன்றி மானியச் சுமையை நீக்கவில்லை.

விலையேற்றமும் எதிர்ப்பும்

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன மானியத்தைக் குறைத்தார். ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. அஞ்சல், தொடருந்துக் கட்டணங்களும் உயர்ந்தன. பற்றாக்குறை மெய்யானது, ஆயினும் அதை ஈடுசெய்யும் பாரம் ஒரே வேளையில் எளியோரின் அடுப்படியில் இறங்கியது.

இடதுசாரிக் கட்சிகள் ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலை பின்னர் 55 சதமாகக் குறைக்கப்பட்டது.

பின்விளைவு

1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு விலையை 40 சதமாக்கியது. 1962இல் பங்கீட்டளவைக் குறைக்க முன்வந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க எதிர்ப்பினால் பதவி விலகினார். 1977இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜயவர்த்தன வேறு வழியைக் கையாண்டார்: 1978இல் பங்கீட்டைக் குறைந்த வருவாயுடைய குடும்பங்களுக்கு மட்டுப்படுத்திய அவரது அரசு, 1979இல் அதனிடத்தில் உணவு முத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

முடிவுரை

1953இல் அனைவரின் பங்கீட்டு விலையும் ஒருசேர உயர்ந்ததால் எதிர்ப்பும் ஒன்றுதிரண்டது. 1978இல் பயனாளிகள் பிரிக்கப்பட்டதால் அத்தகைய ஒருங்கிணைவுக்கு இடம் குறைந்தது. மானியத்தின் அளவைப் போலவே அதைக் குறைக்கும் முறையும் அரசியல் விளைவைத் தீர்மானிக்கிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளின் ஒப்பீடு உணர்த்துகிறது.