பிங்கிக்கு வேகமே கிடையாது

பேக்-மேன்ல துரத்திட்டு வருமே நாலு பேய், பெயர் கேட்டா பிளிங்கி, பிங்கி, இங்கி, க்ளைடுன்னு உடனே சொல்லிடுவோம். ஆனா ஜப்பானில் அதுங்களுக்கு வேற பெயர் இருந்தது.

1980. நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாடானி இந்த கேமை வடிவமைக்கிறார். நாலு பேயும் ஒரே மாதிரி துரத்தினால், ரயில் பெட்டி மாதிரி வரிசையா பின்னாடி வரும். அதில் என்ன சுவாரசியம்? அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்தார்கள், அந்தக் குணத்தையே பெயராகவும் வைத்தார்கள். சிவப்பு 'ஒய்காகே', துரத்துவது. பிங்க் 'மாச்சிபுசே', பதுங்கியிருந்து மடக்குவது. நீலம் 'கிமகுரே', மனம் போன போக்கு. ஆரஞ்சு 'ஒதொபோகே', ஒண்ணும் தெரியாத மாதிரி நடிப்பது.

கோடு எழுதுற ஆளுக்கு இதைப் பார்த்தா புல்லரிக்கும். இது பெயர் இல்லைங்க, டாக்குமென்டேஷன்! புரோகிராமில் சிவப்பின் இலக்கு பேக்-மேன் நிற்கும் கட்டம். பிங்க்கின் இலக்கு, பேக்-மேன் பார்க்கும் திசையில் 4 கட்டம் முன்னாடி. நீலம், பேக்-மேனோட சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். அதனால்தான் அது எங்கே திரும்பும்னு பிடிபடாது. ஆரஞ்சு 8 கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும். கிட்ட வந்ததும், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்" என்கிற மாதிரி தன் மூலைக்குக் கிளம்பிடும்.

அதே வருஷம் மிட்வே நிறுவனம் கேமை அமெரிக்காவுக்குக் கொண்டு போனது. அங்கே குணப்பெயர்கள் ஷேடோ, ஸ்பீடி, பேஷ்ஃபுல், போக்கி. நிழல், சரி, ஒத்துக்கலாம். பிங்கி வேகமானதா? இல்லவே இல்லை. புள்ளிகள் குறையக் குறைய வேகம் எடுப்பது சிவப்புதான். நீலத்துக்கு வெட்கமும் கிடையாது. போக்கின்னா மந்தம், ஆனா ஆரஞ்சும் மத்ததுங்க வேகத்தில்தான் ஓடுது. கோடு காட்டாம வெறும் ஸ்ட்ரிங் ஃபைலை மட்டும் கையில் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னா வருமே, அந்த ரகம்.

ஒரு விஷயத்தில் பாராட்டணும். ஜப்பானிய செல்லப்பெயர்கள் அகாபெய், பிங்கி, ஆவோசுகே, குஸுதா (சிரிக்காதீங்க). முதல் மூணில் நிறம் இருக்கு, நாலாவதில் இல்லை. அது மந்தமான ஆள் என்கிற அர்த்தம். ஆங்கிலத்திலும் மூணு பெயர் எதுகையா வரும், க்ளைடு மட்டும் ஒட்டாது. அந்த ஒட்டாத்தனம் தப்பிச்சிடுச்சு, ஆட்டத்துக்கு உதவுற துப்புதான் போச்சு.

25 சென்ட் காசு போட்டு நிற்கிற பையனை யோசிங்க. 'ஸ்பீடி'ன்னு படிச்சா என்ன செய்வான்? நேரா ஓடுவான். மாச்சிபுசே அவன் போற வழிக்கு முன்னாடிதான் போய் மடக்கும். செய்ய வேண்டியது நேர் எதிர்: அதோட முகத்தைப் பார்த்துத் திரும்பணும். 4 கட்டத்துக்குள் அது இருந்தா, அதோட இலக்கு அதுக்கே பின்னாடி போயிடும். அடுத்த சந்தில் பல சமயம் வேற பக்கம் திரும்பிடும்.

நேத்து ராத்திரி ட்ரை பண்ணேன். ரெண்டு தடவை செத்தேன். மூணாவது தடவை பிங்கி திரும்பிப் போயிடுச்சு.