சுருங்கி நிற்கும் பவளம்... பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் பாருங்க!

நேற்று இரவு வரை விரிந்து ஆடிக்கொண்டிருந்த பவளம், இன்று காலையில் சுருங்கிப்போய் நிற்கிறது. உடனே உங்கள் கை எங்கே போகும்? தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குத்தான். அங்கே கால்சியம், அயோடின், அமினோ ஆசிட், 'கோரல் பூஸ்டர்' என்று பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கும். எதையாவது ரெண்டு மூடி ஊற்றினால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும்.

கொஞ்சம் பொறுங்க. வீட்டுத் தொட்டியில் பவளம் வாடுவதற்குச் சத்துக் குறைவு காரணமாக இருப்பது குறைவு. பெரும்பாலும் தண்ணீரில் ஏதோ ஒன்று சட்டென்று மாறியிருக்கும். அது எதுவென்று தெரியாமல் நீங்கள் ஊற்றுவது இன்னொரு மாற்றம். பல தொட்டிகளில் முதல் பிரச்னையைத் தாங்கிய பவளம், அதற்குச் செய்த வைத்தியத்தில்தான் சாகிறது.

அதனால் முதலில் அளவெடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இனி, எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று பார்ப்போம்.

மூடியிருக்கா, வெளுத்திருக்கா, உரியுதா?

மூன்றும் வேறு வேறு. பவளம் மூடிக்கொண்டு நிறம் மாறாமல் இருந்தால், அது எதையோ பிடிக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். லெதர் கோரல் வைத்திருப்பவர்கள் இதற்குப் பதறவே வேண்டாம். அது அவ்வப்போது தன் மேல்தோலை உரிக்கும். மெழுகு பூசியதுபோல ஒரு படலம் வரும், சில நாள்கள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் மூடியே கிடக்கும். அந்தப் பக்கம் நீரோட்டம் நன்றாக இருந்தால் படலம் கழன்று போய், முன்பைவிடப் பளிச்சென்று விரியும்.

வெளுப்பது அடுத்த கட்டம். பவளத்தின் திசுவுக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை உணவு தயாரிக்க, அதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் பழுப்பு நிறமும் அவற்றால்தான். சூடு, கடும் வெளிச்சம் போன்ற அழுத்தம் வந்தால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். இப்படி வெளுத்த பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. காரணத்தைச் சரிசெய்தால் திரும்பி வரும்.

திசு கரைந்து, சளி போல வழிந்து, மோசமான வாடை அடித்தால் அதுதான் அவசரம். அந்தத் துண்டை உடனே தனியே எடுத்துவிடுங்கள். அழுகல் தண்ணீரில் அமோனியாவை ஏற்றி மற்றவற்றையும் சாய்த்துவிடும்.

முதல் சந்தேகம் சூட்டின் மேல்

சென்னை, மதுரை மாதிரி ஊர்களில் வேறு எதையும் சோதிக்கும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் 3 மணிக்கு உங்கள் தொட்டி எத்தனை டிகிரி என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நிறைய பேர் காலையிலும் இரவிலும்தான் பார்ப்பார்கள். நடுவில் வீடு பூட்டிக் கிடக்கும்.

ஏசி அறையில் தொட்டி வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். இரவு முழுக்க 22 டிகிரியில் ஏசி ஓடும், பகலில் அணைந்திருக்கும். தண்ணீர் தினமும் ஏறி இறங்கும். 27.5-ல் நிலையாக இருக்கும் தொட்டியைவிட, தினமும் 24-க்கும் 30-க்கும் நடுவே ஊசலாடும் தொட்டிதான் பவளத்துக்குக் கஷ்டம். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிவுசெய்யும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைப் போடுங்கள். பூஸ்டர் பாட்டிலுக்குச் செலவழிப்பதைவிட அது உருப்படியான செலவு.

சில்லர் வாங்க பட்ஜெட் இல்லையென்றால், நீர்ப்பரப்பின் மேல் வீசும் சின்ன ஃபேன் ரெண்டு மூன்று டிகிரி குறைக்கும். ஆனால் அது ஆவியாதல் மூலம்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் பலன் குறையும். திடீரென்று 31, 32-க்கு ஏறிவிட்டால், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம். ஒரே மூச்சில் குளிர்விக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி போதும். கூடவே விளக்கையும் குறையுங்கள். இதை நிறைய பேர் செய்வதில்லை. சூடும் வெளிச்சமும் சேரும்போதுதான் நுண்பாசிகள் நச்சு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உற்பத்தி செய்கின்றன. பவளம் அவற்றைத் துரத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடலிலும் இதே கதைதான். 2016-ல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது கடல் சூடானதால்.

பவர் கட்டில் சூட்டுக்கு முன்பே மூச்சுத்திணறல் வந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். வீட்டு இன்வெர்ட்டரில் டிவிக்கு லைன் கொடுத்த மாதிரி வேவ்மேக்கருக்கும் ஒரு லைன் கொடுத்துவிடுங்கள்.

உப்பும் தண்ணீரும்

உப்பு 35 பிபிடி அளவில் இருக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் தினம் 4 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 12 லிட்டர் காணாமல் போயிருக்கும். ஆனால் உப்பு அப்படியே இருக்கும். 35-ல் இருந்த அளவு 37-ஐத் தாண்டிவிடும். குறைந்த நீரை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்பு கலந்த நீரால் அல்ல. மொத்தமாகவும் ஊற்ற வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு பிபிடி இறங்கினால் போதும். ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கருவியே தப்பாகக் காட்டினால் அதை நம்பிச் செய்யும் எல்லாமே தப்பாகும்.

அந்த உப்பில்லாத தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சமையலறை ஆர்ஓ-விலிருந்து என்றால், பிரச்னை அங்கேயே இருக்கலாம். குடிப்பதற்கான ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் கனிமங்களைத் திரும்பச் சேர்ப்பார்கள். டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் 50, 100 என்று காட்டும். பவளத் தொட்டிக்கு அது 0 ஆக இருக்க வேண்டும், அதற்கு டிஐ ஃபில்டர் தனியே வேண்டும். அதைவிட ஆபத்து, இப்போது பிரபலமாக இருக்கும் 'காப்பர்' ஆர்ஓ. நமக்கு நல்லது என்று விற்கப்படும் தாமிரம், முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடும் தாமிர மருந்தும் அப்படித்தான். அந்த வைத்தியத்தைத் தனித் தொட்டியில் மட்டும் செய்யுங்கள்.

பாட்டில்கள் உண்மையில் யாருக்கு?

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பாறை கட்டும் கல் பவளங்கள், தீப்பவளம், கடல் விசிறி, கரும்பவளம் போன்றவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். 'ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்தது, செம கலர்' என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத காளான் பவளம், ஸோவா, லெதர் போன்றவற்றை வாங்கும்போதும், எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தைக் கேளுங்கள்.

இந்த மென் பவளங்கள் கல் எலும்புக்கூடு கட்டுவதில்லை. அதனால் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அவை அதிகம் செலவழிப்பதும் இல்லை. வாரம் 10 சதவிகிதம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் இருந்தால் நல்லது, ஒரு நாளில் 1-க்கு மேல் மாறக் கூடாது. அளக்காமல் தினமும் ஊற்றும் பாட்டில் இந்த அளவைத்தான் எகிற வைக்கிறது.

இன்னொரு பக்கம், தண்ணீரைக் கண்ணாடி மாதிரி சுத்தமாக்கியே பவளத்தைப் பட்டினி போடுபவர்களும் உண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாக இருந்தால் பவளம் வெளிறும், பழுப்பு நிறச் சளி மாதிரி டைனோஃப்ளாஜெல்லேட் வேறு வந்து உட்காரும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும்.

விளக்கைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: சமீபத்தில் புது எல்இடி மாற்றினீர்களா? ஆமாம் என்றால் பாதியாகக் குறைத்து, சில வாரங்களில் மெதுவாக ஏற்றுங்கள்.

அறையையும் பாருங்க

தண்ணீர் எல்லாம் சரி, ஆனாலும் மூடியே இருக்கிறதா? தொட்டியை விட்டுக் கண்ணை எடுத்து அறையைப் பாருங்கள். கொசுவிரட்டி லிக்விட், பூச்சி ஸ்ப்ரே போன்றவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்த மறுநாள் தொட்டி சரிந்தால் வேறு காரணம் தேடாதீர்கள். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, 25 சதவிகிதம் தண்ணீரை மாற்றுங்கள். லெதர் கோரல்கள் தண்ணீரில் கசிய விடும் ரசாயனம் பக்கத்துப் பவளத்தைச் சுருங்க வைக்கும்போதும் இதே கார்பன் உதவும்.

இரவு 11 மணிக்கு டார்ச் அடித்தும் ஒருமுறை பாருங்கள். ஸோவாவைத் தின்னும் கடல் நத்தைகள் பகலில் கண்ணில் படாது. அவை தின்ற பவளத்தின் நிறத்தையே தங்கள் உடம்பிலும் வைத்திருக்கும்.

வெறுங்கையால் தொடாதீங்க

ஸோவா, பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. செத்த பவளத்தைச் சுரண்டும்போதும் வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வாயில் உலோகச் சுவை, கண் எரிச்சல், மூச்சுத்திணறல், தசை வலி என எது வந்தாலும் உடனே கிளம்புங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. பல டாக்டர்கள் இப்படி ஒரு கேஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் 'மீன் தொட்டி சுத்தம் செய்தேன்' என்று மட்டும் சொல்லாமல், பாலிடாக்ஸின் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.