காலில் கண்டதும் சாக்கடையில் கண்டதும்

போலியோ பரவலைத் துப்பறிவதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. கிருமி தொற்றிய இருநூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் கை கால் விழும். மிச்சப் பேரில் சிலருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்து போகும். பெரும்பாலோருக்கு அதுகூட இருக்காது. ஆனால் அத்தனை பேரின் மலத்திலும் வாரக்கணக்கில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். விசாரிக்கப் போகிறவருக்குக் கிடைப்பது இருநூறில் ஒரு சாட்சி.

மூன்றே ஆண்டு இடைவெளியில் இரண்டு நாடுகள் இந்தச் சிக்கலில் மாட்டின: 2010இல் தஜிகிஸ்தான், 2013இல் இஸ்ரேல். இரண்டிலும் நுழைந்தது இயற்கையாகச் சுற்றும் முதல் வகை போலியோ வைரஸ். இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டலத்தில் அடங்கியவை. போலியோ ஒழிந்தது என்று 2002 ஜூனிலேயே சான்று பெற்ற மண்டலம் அது. தஜிகிஸ்தானில் 458 பேருக்கு வாதம் உறுதியானது. இஸ்ரேலில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஏழை நாடு மாட்டிக்கொண்டது, வசதியான நாடு பிழைத்தது என்று இதைச் சுருக்கிவிடலாம். பாதி உண்மைதான். இரண்டு இடத்திலும் கிருமியை யார், எங்கே, எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று கவனித்தால் மீதிப் பாதியும் தெரியவரும்.

தஜிகிஸ்தானில் சேதி சொன்னது குழந்தைகளின் கால்கள். தென்மேற்கில் ஆப்கன் எல்லையை ஒட்டிய கத்லோன் பகுதியிலும் தலைநகர் துஷான்பேயைச் சுற்றிய மாவட்டங்களிலும், நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் திடீரெனக் கால் துவண்டு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். இப்படித் திடீரென வரும் தளர்வாதம் எதுவானாலும், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர் என்றால் போலியோ என்று சந்தேகித்தே ஆக வேண்டும் என்பது உலக நடைமுறை. வாதம் கண்ட பதினான்கு நாளுக்குள், ஒரு நாளாவது இடைவெளி விட்டு, இரண்டு முறை மலமாதிரி எடுக்க வேண்டும். அதை ஐஸ் பெட்டியில் சூடு ஏறாமல் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். தஜிகிஸ்தானின் மாதிரிகள் போய்ச் சேர வேண்டிய இடம் மாஸ்கோ. பின்னால் கணக்கைத் திருப்பிப் பார்த்தபோது முதல் நோயாளிக்கு வாதம் கண்டது பிப்ரவரி தொடக்கத்தில் என்று தெரிந்தது. போலியோதான் என்று உறுதியானதோ ஏப்ரல் பின்பாதியில். சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது மே மாதம் பிறந்துவிட்டது.

மாஸ்கோவில் வைரஸின் மரபணுவைப் படித்தபோது நாம் கூச்சப்பட வேண்டிய ஒரு தகவலும் வெளிவந்தது. போலியோ வைரஸின் மேலுறைப் புரதங்களில் ஒன்றுக்கான மரபணுப் பகுதியில் சுமார் 900 எழுத்துகள். ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று மாறும். இரண்டு வைரஸ்களின் எழுத்துகளை ஒப்பிட்டால் எப்போது பிரிந்த பங்காளிகள் என்று சொல்லிவிடலாம். தஜிகிஸ்தான் வைரஸின் நெருங்கிய பங்காளி உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. 2009இல் இந்தியாவில் பதிவான 741 போலியோ நோயாளிகளில் 602 பேர் அந்த ஒரு மாநிலத்துக்காரர்கள். அங்கே நாம் அணைக்கத் தவறிய நெருப்புதான் மலை தாண்டிப் போய்ப் பற்றியது.

பற்றுவதற்கு அங்கே சருகும் இருந்தது. மூன்று தவணை மருந்து பெற்ற குழந்தைகள் 87 சதவீதம் என்பது பரவலுக்கு முன் அந்நாடு காட்டிய கணக்கு. ஒரு நாட்டின் சராசரியாகப் பார்த்தால் மோசமில்லாத எண். ஆனால் அந்த 13 சதவீதம் நாடெங்கும் சீராகச் சிதறிக் கிடப்பதில்லை. சில ஊர்களிலும் சில தெருக்களிலும் சில ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளிடமும் குவிந்து கிடக்கும். நோயாளிகளின் வயதைப் பார்த்தபோது இது வெளிச்சமானது. கைக்குழந்தைகள் மட்டுமல்ல, பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும்கூட அதில் இருந்தார்கள். உள்நாட்டுப் போருக்கும் அதன் பின்னான இல்லாமைக்கும் இடையே தடுப்பு மருந்து விட்டுப்போன ஆண்டுகள் பத்துப் பதினைந்து வயதில் வந்து நின்றன. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று தொடங்கிய முகாமைப் பதினைந்து வயதுவரை நீட்ட வேண்டியதாயிற்று. ஜூலை தொடக்கத்தோடு புதிய வாதம் நின்றது. அதற்குள் வைரஸ் ரஷ்யாவுக்கும் துர்க்மெனிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் போய்விட்டது. அந்த ஆண்டில் உலகம் முழுவதும் பதிவான இயற்கைப் போலியோவில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சின்ன நாட்டினுடையது.

இஸ்ரேலில் எந்தக் குழந்தையும் எதையும் காட்டவில்லை. நெகேவ் பாலைவனத்தில் பெதுவின் அரபு மக்கள் வாழும் ராஹத் நகரத்தின் கழிவுநீரில், 2013 ஏப்ரலில் எடுத்த மாதிரியில், வைரஸ் அகப்பட்டது. இது தற்செயல் இல்லை. 1988இல் பதினைந்து பேருக்குப் போலியோ வந்து சூடுபட்ட நாடு அது. மறு ஆண்டிலிருந்து சாக்கடையைச் சோதித்து வருகிறார்கள். ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரித்த கழிவுநீரைச் செறிவாக்கி, போலியோ வைரஸ் மட்டும் நுழையும்படி மனித மரபணு ஒன்று சேர்த்து உருவாக்கிய எலிச் செல்களின் மேல் ஊற்றி வைப்பார்கள். வைரஸ் இருந்தால் தட்டையாகப் படிந்திருந்த செல்கள் உருண்டு திரண்டு, ஒட்டியிருந்த பரப்பை விட்டுக் கழன்று மிதக்கும். ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் எதுவும் மிதக்காது. எதுவும் மிதக்காத அத்தனை ஆண்டுகளும் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த ஒப்பீட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அகப்பட்ட வைரஸ் பாகிஸ்தான் வழிவந்தது. 2012 டிசம்பரில் கெய்ரோவின் கழிவுநீரிலும் அதன் பங்காளி தென்பட்டிருந்தது. பழைய மாதிரிகளை மறுபடி சோதித்ததில் பிப்ரவரியிலேயே பீர்ஷெபா பக்கம் அது நுழைந்திருந்தது தெரிந்தது. ஆக இஸ்ரேலிலும் கிருமி இரண்டு மாதம் யாரும் அறியாமல்தான் உலவியது. கழிவுநீர்ச் சோதனையும் முக்காலமும் உணர்ந்த கருவி ஒன்றுமில்லை. தஜிகிஸ்தானுக்கும் அதற்கும் கண்டுபிடித்த வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வித்தியாசம், அந்த இரண்டு மாதத்தில் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்பதில்தான்.

காரணம் ஊசி. இஸ்ரேலில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் போலியோ ஊசி போட்டவர்கள். ஊசி ரத்தத்தில் காவல் வைக்கும். கிருமி நரம்பை எட்டாது, கால் விழாது. ஆனால் குடலில் அதன் காவல் பலவீனம். 2005இலிருந்து இஸ்ரேல் சொட்டு மருந்தை நிறுத்தி ஊசியை மட்டுமே கொடுத்துவந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகளின் குடலில் கிருமி நிம்மதியாகப் பெருகிக்கொண்டிருந்தது. தஜிகிஸ்தான் பாணியில் வாதம் வந்த குழந்தைக்காக மட்டும் காத்திருந்தால் இஸ்ரேலுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. தடுப்பூசியின் வெற்றியே அந்தக் கண்ணைக் கட்டிவிட்டது.

சாக்கடைக்கும் ஒரு குறை உண்டு. இந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும், இந்த வீட்டில் என்று சொல்லாது. அதனால் குழாய்த்தடத்தைப் பிடித்து மேலே மேலே மாதிரி எடுத்தார்கள். குழந்தைகளின் மலத்தையும் சோதித்தார்கள். ஆகஸ்டில் நாடு தழுவிய சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது. நம் ஊர் முகாம்களை நினைவூட்டும்படி அதன் பெயரே ‘இரண்டு சொட்டு’. அங்கே எழுந்த எதிர்ப்பு வேறு ரகம். ஊசி போட்ட என் பிள்ளைக்கு நோய் வராது என்கிறீர்கள், பிறகு எதற்குச் சொட்டு என்று பெற்றோர் கேட்டார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக என்பதைத் தவிர அரசிடம் நேர்மையான பதில் இல்லை. அதைச் சொல்லித்தான் கேட்டது. ஒன்பது லட்சத்துக்குக் குறையாத பிள்ளைகள் மருந்து பெற்றனர். 2014இல் வைரஸ் கழிவுநீரிலிருந்து மறைந்தது. சொட்டு மருந்து வழக்கமான அட்டவணையில் திரும்ப இடம்பிடித்தது.

இரண்டில் எது சிறந்த விசாரணை என்று கேட்டால், நான் இஸ்ரேல் என்று உடனே சொல்ல மாட்டேன். ஒழுங்கான வடிகால் அமைப்பு இல்லாத கிராமத்தில் எந்தச் சாக்கடையைச் சோதிப்பது? அங்கே தளர்வாதக் கண்காணிப்புதான் ஒரே கண். தஜிகிஸ்தான் தோற்றது கருவியில் அல்ல. யாருக்கு மருந்து சேரவில்லை என்பதைச் சராசரி எண்ணுக்கு அடியில் தேடிப் பார்க்காததில்தான் தோற்றது. சாக்கடைச் சோதனை நல்ல வேவுகாரன். அடைத்து வைக்க வேண்டிய ஓட்டையை அது அடைக்காது.

2021இல் தஜிகிஸ்தானில் மறுபடி போலியோ வந்தது. இம்முறை பாகிஸ்தானிலிருந்து வந்த, தடுப்பு மருந்து வைரஸே உருமாறி வீரியம் பெற்ற இரண்டாம் வகை. வாதம் கண்ட குழந்தைகளிடம் மட்டுமல்லாமல் கழிவுநீர் மாதிரிகளிலும் அது சிக்கியது. 2022இல் ஜெருசலேமில் தடுப்பு மருந்து பெறாத ஒரு குழந்தைக்கு, இதேபோல் உருமாறிய மூன்றாம் வகையால் கால் விழுந்தது.